சேலத்தில் புதைத்து எடுத்த சினான் கப்பல்

கொரியாவின் தென்மேற்குக் கரையில், சினான் மாவட்டத்தின் ஜுங்தோ தீவை ஒட்டிய கடலில், 1975ஆம் ஆண்டு ஒரு மீனவரின் வலையில் பச்சை மெருகிட்ட பீங்கான் பாத்திரங்கள் ஏறி வந்தன. அதைத் தொடர்ந்து 1976 முதல் 1984 வரை கடற்படை முக்குளிப்பவர்களின் துணையோடு நடந்த அகழாய்வில் 20,000க்கும் மேற்பட்ட பீங்கான்களும், 28 டன் எடையுள்ள சீனக் காசுகளும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட செந்நிற மரக்கட்டைகளும், மிளகு உள்ளிட்ட சரக்குகளும், அவற்றைச் சுமந்து வந்த மரக்கலத்தின் அடிப்பாகமும் வெளிவந்தன. அந்தக் கப்பல் எந்த ஆண்டில், எந்தத் துறைமுகத்திலிருந்து, யாருடைய சரக்கோடு, எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை ஆய்வாளர்கள் எப்படிக் கண்டறிந்தார்கள் என்று ஏற்காடு அடிவாரத்திலுள்ள எங்கள் பள்ளியின் தொன்மை மன்றத்தில் பேசியபோது மாணவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். அடுத்த வாரமே மறந்தும் போனார்கள். ஆகவே அந்தச் சரக்கின் சிறு மாதிரியை நாங்களே செய்து, சேற்றுத் தொட்டியில் புதைத்து, பிறகு அதைப் பற்றி ஒன்றும் அறியாத வேறொரு வகுப்பு மாணவர்களைத் தோண்டி எடுக்கச் செய்து, கிடைத்த பொருள்களையும் ஆவணக் கட்டையும் கொண்டு கப்பலை அடையாளம் காண வைப்பது என்று முடிவு செய்தோம். கடைசி மரச்சீட்டும் இப்போது படிக்கப்பட்டுவிட்டதால், செய்தவற்றை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

உண்மையான பழங்காசுகளைப் பயன்படுத்தும் எண்ணம் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகிவிடுகிறது. அதை உப்புச் சேற்றில் ஊறவைப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, மனசாட்சிக்கும் பொருந்தாது. தஞ்சாவூர் மாவட்டத்தில் சீனக் காசுகள் குவியல்களாகக் கிடைத்திருப்பதையும், இராமநாதபுரம் பக்கத்துப் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருப்பதையும் மாணவர்களுக்குப் படங்களாகக் காட்டினோம். சினான் கப்பலில் இருந்தவற்றைப் போன்ற சரக்கு நம் கரைக்கும் வந்து போனது என்பது அவர்களுக்கு விளங்க அந்தப் படங்களே போதுமானவையாக இருந்தன.

தொட்டிக்கு முதலில் பார்த்தது மாட்டுத் தண்ணீர்த் தொட்டி. ஆயத்தமாகக் கிடைக்கும் சிமென்ட் தொட்டிகள் குறுகலானவை. நான்கு பேர் சுற்றி நின்று கைவிட முடியாது. எனவே விளையாட்டுத் திடலின் ஓரத்தில் செங்கல்லால் உள்ளளவு 6 அடி நீளம், 3 அடி அகலம், 1½ அடி உயரத்தில் கட்டி, உட்பக்கம் பூசி, அதன்மேல் தார்ப்பாய் விரித்தோம். பூச்சு மட்டும் இருந்தால் உப்புநீர் அதை அரித்துவிடும் என்று கொத்தனார் சொன்னதால்தான் தார்ப்பாய் சேர்ந்தது. இந்த அளவுத் தொட்டியின் கொள்ளளவு 27 கன அடி, அதாவது சுமார் 765 லிட்டர். அடியில் ஓரடி உயரத்துக்குச் சேறும் அதன்மேல் அரையடி நீரும் நின்றால் மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டிவிடும். ஆய்வக மாடியில் வைக்கலாம் என்று சிலர் சொன்ன யோசனையை இந்தக் கணக்கைக் காட்டித்தான் தவிர்க்க முடிந்தது.

நிரப்புவதற்கு எம்-சாண்ட் ஒத்துவரவில்லை. அதன் துகள்கள் கூர்மையானவை. மாதிரிக்குப் புதைத்த மரத்துண்டின் மேற்பரப்பைச் சுரண்டிவிட்டன. மேலும் சினான் கப்பல் பிழைத்ததற்கே காரணம் நுண்ணிய சேறு. காற்றுப் புகாத அந்தச் சேற்றுக்குள் அமிழ்ந்த பகுதி மட்டும் நின்றது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியைக் கப்பற்புழு தின்றுவிட்டது. ஆகவே பக்கத்து விவசாயி தம் வயலுக்காக அடித்து வைத்திருந்த ஏரி வண்டலில் ஒரு பங்கை வாங்கி, கல்லும் வேரும் நீக்கச் சல்லடையில் சலித்து நிரப்பினோம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மேலே நிற்கும் 255 லிட்டருக்கு 9 கிலோ கல் உப்பு என்று கணக்கிட்டால் போதாது. வண்டலின் இடுக்குகளில் நிற்கும் நீரையும் சேர்த்தால் 16 கிலோ வேண்டும். கொசு அண்டாமல் இருக்கத் தொட்டியின் மேல் வலையை இழுத்துக் கட்டினோம்.

காசுகளுக்கு வருவோம். சேலத்துப் பரிசுப்பொருள் கடைகளில் சிவப்புக் கயிற்றில் கோத்த, நடுவில் சதுரத் துளையுள்ள 'ஃபெங் சுயி' காசுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு கோவையை வாங்கி வந்து எழுத்துகளைப் படங்களோடு ஒப்பிட்டபோது, எல்லாமே சிங் என்ற சீன அரச மரபின் அரசர் பெயர்களைத் தாங்கியவை, அதாவது 1644க்குப் பிற்பட்டவை என்று தெரிந்தது. அவற்றைச் சரக்கோடு சேர்த்துப் புதைத்தால் கப்பலின் காலம் 300 ஆண்டுகளுக்கு மேல் பின்னால் தள்ளிப்போகும். தூக்கி எறியவிருந்த அந்தக் கோவையில் ஒரே ஒரு காசை மட்டும் வேறொரு வேலைக்காக எடுத்து வைத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சரியான காசுகளை வார்க்க வேண்டியிருந்தது. சேலத்தில் கொலுசுத் தொழில் உள்ள வரையில் சிறு வார்ப்புக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில், படத்தைப் பார்த்துச் செதுக்கிய நான்கு மூல அச்சுகளைக் கொடுத்தோம். ஒன்று 621 முதல் வெளிவந்த தாங் காலத்துக் காசு. இரண்டு 11ஆம் நூற்றாண்டின் வட சோங் காசுகள். நான்காவது 1310இல் வெளியிடப்பட்ட, மங்கோலியர் சீனத்தை ஆண்ட யுவான் காலத்து 'ஜிதா' காசு. சினான் கப்பலின் காசுகளில் மிகப் பெரும்பாலானவை சோங் காலத்தவை. எல்லாவற்றிலும் மிகப் பிந்தியது ஜிதா காசு. ஆகவே அறுபது காசுகளில் ஜிதா மூன்று மட்டும் இருக்கும்படி வார்க்கச் சொன்னோம். "ஏங்க சார், ஓட்டையை வட்டமாப் போட்டா வேலை சுலபமுங்களே, இதென்ன சதுரம்?" என்று பட்டறைக்காரர் கேட்டார். சதுரக் கம்பியில் காசுகளை வரிசையாகக் கோத்தால் அவை சுழலாமல் நிற்கும், விளிம்பை ஒரே அடியில் அரத்தால் தேய்த்துவிடலாம் என்று சொன்னதும், அதே முறையில் எங்கள் காசுகளையும் கோத்துத் தேய்த்துக் கொடுத்தார். அவர் கேட்ட கூலியைவிடக் குறைவாகவே வாங்கிக்கொண்டதற்கு அந்த உத்தி பிடித்துப்போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அச்சின் விட்டம் 25 மில்லிமீட்டர். பித்தளை ஆறிச் சுருங்கிய பிறகு வெர்னியரில் 24.6 காட்டியது. விட்டம் சரி, தடிமன்தான் ஒத்துவரவில்லை. ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 1.3 ஆக வந்ததால் காசு ஒன்றின் எடை சுமார் 4.8 கிராம் ஆயிற்று. மூலக் காசுகளின் சராசரி 3.5 கிராம். இந்த வேறுபாட்டைத் திருத்தாமல் அப்படியே விட்டேன். ஏனென்றால் 28 டன்னில் எத்தனை காசுகள் இருக்கும் என்று மாணவர்கள் கணக்கிட்டபோது எங்கள் காசை வைத்து 58 லட்சமும், 3.5 கிராமை வைத்து 80 லட்சமும் கிடைத்தன. ஆய்வாளர்கள் சொல்லும் எண்ணிக்கையும் ஏறத்தாழ 80 லட்சம்தான். தகடு தடிமனில் மயிரிழை கூடினால் 22 லட்சம் காசுகள் காணாமல் போகும் என்பதை அந்தக் கணக்கு காட்டிக் கொடுத்தது.

இந்த வேலையில் அதிக நேரத்தை விழுங்கியவை மரச்சீட்டுகள். சினான் கப்பலில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட மரச்சீட்டுகள் கிடைத்தன. காசுக் கட்டுகளிலும் சரக்கிலும் கட்டித் தொங்கவிடப்பட்ட அந்தச் சீட்டுகளில் உரிமையாளர் பெயரும், அளவும், சிலவற்றில் தேதியும் மையால் எழுதப்பட்டிருந்தன. அழகான பச்சைக் கிண்ணங்களையே எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் கிண்ணங்களை மட்டும் வைத்துக்கொண்டு, "சீனப் பொருள் ஏற்றிய ஏதோ ஒரு கப்பல்" என்பதற்கு மேல் ஓரடியும் நகர முடியாது. கப்பலைப் பேச வைத்தவை அந்தச் சிறு மரத்துண்டுகளே. அதனால் அவற்றில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்தோம்.

ஐஸ்கிரீம் குச்சிகள் மிகச் சிறியவை. ஒட்டுப்பலகை நீரில் ஊறியதும் அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் மை உள்ளே இறங்கவில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் பலகை ஒன்றை அடிவாரத்து அறுவை ஆலையில் வாங்கி, இழைப்புளியால் இழைத்து, 110 × 22 × 4 மில்லிமீட்டர் அளவில் இருபத்துநான்கு சீட்டுகள் அறுத்தோம். கயிறு கட்ட மேல்முனையின் இருபக்கமும் சிறு உளியால் பள்ளம் வெட்டியதில், மர இழைக்குக் குறுக்கே வெட்டியவை பிளந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றைச் செய்தபோது முதலில் ரம்பத்தால் கீறல் போட்டுக்கொண்டு பிறகு உளியைப் பிடித்தோம்.

மைக்கு விளக்கெண்ணெய்த் திரியின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்தோம். கண்மை செய்யும் வீடுகளில் இன்றும் செய்வதுதான். கரியைப் பிணைக்க முதலில் வேலம்பிசினைக் கரைத்துச் சேர்த்தோம். எழுத்து நன்றாக வந்தது, உப்புநீரில் வைத்த மறுநாள் விரல் பட்டதும் கலைந்தது. தச்சர் அண்ணன் ஒருவர் சொன்னபடி வஜ்ஜிரத்தை இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து இளக்கி, 10 மில்லி நீருக்கு 2 கிராம் கரியும் 1 கிராம் வஜ்ஜிரமும் என்று குழைத்தோம். கிழக்காசிய மையும் அடிப்படையில் கரியும் விலங்குப் பசையும்தான் என்பதால் இது பொருத்தமாகவும் அமைந்தது. ஒரு சிட்டிகை படிகாரம் சேர்த்ததும் பசை இறுகி நின்றது. எழுதிய சீட்டுகளை இரண்டு நாள் நிழலில் காயவைக்காமல் நீரில் இட்டால் பயனில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நீலப் பந்துமுனைப் பேனாவாலும், நீல மார்க்கராலும், கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்த பழைய கணக்குப்பிள்ளை மையாலும் எழுதிய சீட்டுகள் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டோம்.

எழுத்துகளைப் பிரதியெடுத்தது கண்ணாடி மேசையின் அடியில் விளக்கை வைத்து. மாணவர்களுக்குச் சீன எழுத்துத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகையால் ஒவ்வொரு எழுத்துத் தொடருக்கும் பொருள் தரும் விளக்க அட்டை ஒன்றைத் தயாரித்தேன். மூலத்தில் உள்ள மூன்று வகைகளை எடுத்துக்கொண்டோம்: கப்பல் தலைவருக்கு உரிய சரக்கைக் குறிப்பவை, கியோட்டோவிலுள்ள தோஃபுகுஜி என்ற பௌத்த மடத்துக்கு உரியவை, 'ஜிஜி 3ஆம் ஆண்டு' என்ற தேதி உள்ளவை.

மற்றவை எளிதில் முடிந்தன. பச்சை மெருகுள்ள பீங்கான் தட்டுகளை உடைத்து, கை வெட்டாதபடி விளிம்புகளைச் சாணைக்கல்லில் மழுக்கினோம். பழைய பித்தளைப் படிக்கல் ஒன்றில் 'சிங்யுவான்' என்ற துறைமுகப் பெயரைச் செதுக்கினோம். சினான் கப்பலிலும் அந்தப் பெயர் பொறித்த எடைக்கல் கிடைத்திருக்கிறது. ஏற்காட்டு மிளகு 50 கிராம், துணியில் கட்டியது. கொல்லன் அடித்த இரும்பு ஆணிகள் ஒரு பிடி. இவற்றையெல்லாம் 8 அங்குல ஆழத்துக்குக் கீழே புதைத்து, சேற்றை மிதித்து இறுக்கிய பிறகு, முன்பு சொன்ன அந்த ஒற்றைச் சிங் காசை மட்டும் மேல்பரப்பிலிருந்து 2 அங்குல ஆழத்தில் செருகினேன். கடலடியில் வேறு காலத்துப் பொருள் வந்து சேர்வது வழக்கமானது. வலை இழுபடும், நங்கூரம் கிளறும், போகிற படகிலிருந்து ஏதாவது விழும். அந்த நிலைமை தொட்டியிலும் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

மழைக்காலம் கழிந்து தொட்டியைத் திறந்தபோது அழுகிய முட்டை வாடை அடித்தது. சேற்றுக்குள் காற்றில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். நூலால் ஓரடிக்கு ஓரடி கட்டங்கள் கட்டி, பதினெட்டுக் கட்டங்களுக்கும் எண் கொடுத்து, மேலே நின்ற நீரைத் துடுப்பால் கலக்கிவிட்டோம். சினான் கடலில் ஆழம் சுமார் 20 மீட்டர். நீரோட்டம் கடுமையானது, கலங்கல் மிகுந்தது. முக்குளித்தவர்கள் பெரும்பாலும் கையால் தடவித்தான் வேலை செய்தார்கள். எங்கள் மாணவர்களும் கண்ணால் பார்க்காமல் கையால் தடவி, பொருளை அசைக்காமல், அடிக்கோல் பிடித்து ஆழத்தை ஒருவர் படிக்க மற்றவர் எழுத, அதன் பிறகே அதை வெளியே எடுக்க வேண்டும் என்பது விதி.

இரண்டு குழுக்களில் ஒன்று விதியைக் காத்தது. மற்றொரு குழு காசு கையில் தட்டுப்பட்ட மகிழ்ச்சியில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. கட்ட எண் மட்டும் இருந்தது, ஆழம் இல்லை. சிங் காசு அகப்பட்டது அந்தக் குழுவிடம்தான். விளக்க அட்டையில் பார்த்து, "1644க்குப் பிறகு மூழ்கிய கப்பல்" என்று அவர்கள் உறுதியாகச் சொன்னபோது, அதை மறுப்பதற்கு அவர்களுடைய குறிப்பேட்டில் ஒரு சான்றும் இல்லை. மற்றக் குழுவின் அட்டவணையில் எல்லாக் காசுகளும் 8 முதல் 11 அங்குல ஆழத்தில் இருந்ததைக் காட்டி, மேல்மட்டத்தில் ஒரு காசும் அகப்படவில்லையே என்று கேட்ட பிறகே, தங்கள் காசு எங்கிருந்து வந்தது என்று அவர்களால் சொல்ல முடியாமல் போனது. காசின் மேற்பரப்பும் கொஞ்சம் உதவியது. சேற்றின் கந்தகம் பட்டு ஆழத்துக் காசுகள் கறுத்திருந்தன. மேலே கிடந்தது பாதி மஞ்சளாகவே இருந்தது. எனினும் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த சிக்கல் எதிர்பாராதது. மரச்சீட்டுகளை ஆணிகளுக்குப் பக்கத்தில் புதைத்திருந்தோம். மரத்தின் துவர்ச்சத்தும் ஆணியின் இரும்பும் சேர்ந்து, சீட்டுகளில் பாதிக்கு மேல் மைக்கூட்டில் தோய்த்தெடுத்தவை போல் கருநீலமாகிவிட்டன. கருநீலத்தின் மேல் கரிமை. வெயிலில் பிடித்தாலும், சாய்த்துப் பிடித்தாலும் ஓர் எழுத்தும் தெரியவில்லை. கழுவினால் கறையோடு எழுத்தும் போய்விடும் என்ற அச்சத்தில் யாரையும் தேய்க்க விடவில்லை.

மங்கிய மரச்சீட்டுகளை ஆய்வாளர்கள் அகச்சிவப்புப் படம் எடுத்துப் படிப்பது வழக்கம். கரி அகச்சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்வதால் கறுப்பாகவே நிற்கும். துவர்-இரும்புக் கறையும் சாய மைகளும் அந்த ஒளியில் வெளிறிப்போகும். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. இரவிலும் பார்க்கும் சிசிடிவி கேமராவுக்குள் அகச்சிவப்பு விளக்குகள் ஏற்கெனவே உள்ளன. பழுது பார்க்கும் கடையில் பழைய அனலாக் கேமரா ஒன்றை வாங்கி, உட்பக்கம் கறுப்புத்தாள் ஒட்டிய அட்டைப்பெட்டியின் மேல்மூடியில் பொருத்தி, பள்ளியில் கிடந்த பழைய தொலைக்காட்சியின் மஞ்சள் துளையில் இணைத்தோம்.

முதலில் தெரிந்தது வெறும் வெள்ளை வட்டம். விளக்குகள் மிக அருகில் இருந்ததால் சீட்டின் நடுவில் ஒளி கொட்டியது. கேமராவின் முகப்பில், வில்லைக்கு மட்டும் துளை விட்டு, இரண்டு அடுக்கு டிரேசிங் தாளை ஒட்டியதும் வெளிச்சம் பரவியது. அடுத்து உருவம் மங்கலாக இருந்தது. இவ்வகைக் கேமராக்கள் தூரத்தைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. முன்மூடியைக் கழற்றி, வில்லையின் மரையை மெல்லத் தளர்த்தி வெளியே கொண்டுவந்தால் 15 சென்டிமீட்டரில் இருப்பது தெளிவாகும். எவ்வளவு தளர்த்துவது என்பதைத் திரையைப் பார்த்துக்கொண்டே பிடிக்க வேண்டும். ஈரமான சீட்டு பளபளத்து எழுத்தை மறைத்ததால், வடிதாளால் ஒற்றி, மேலீரம் மட்டும் போன நிலையில் வைத்தோம்.

கருநீலச் சீட்டு திரையில் சாம்பல் நிறமாக வெளிறியது. அதன்மேல் எழுத்துகள் நேற்று எழுதியவை போல் நின்றன. ஒப்பீட்டுக்குப் புதைத்தவற்றில் பந்துமுனைப் பேனாவும் நீல மார்க்கரும் அடியோடு மறைந்தன. கணக்குப்பிள்ளை மை தேய்ந்த நிழல் அளவுக்குத் தெரிந்தது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த மார்க்கர் எழுத்து திரையில் இல்லாததையும், கண்ணுக்கே தெரியாத கரி எழுத்து திரையில் இருந்ததையும் பார்த்த மாணவர்கள் கேமராவை நம்பாமல் சீட்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்துச் சோதித்தார்கள்.

படித்தவற்றை ஆவணக் கட்டோடு பொருத்துவது இறுதிக் கட்டம். அந்தக் கட்டில் வேண்டுமென்றே ஒன்றுக்கொன்று முரணான வழிகாட்டிகளை வைத்திருந்தேன். மங்கோலியர் ஜப்பான் மீது 1274இலும் 1281இலும் படையெடுத்ததும், 1281இல் தகாஷிமா தீவருகே அவர்களுடைய கப்பல்கள் அழிந்ததும் ஒரு தாளில் இருந்தன. முதல் நாள் எல்லோரும் அந்தத் தாளையே பற்றிக்கொண்டார்கள். போர்க்கப்பல் என்றால் கதை சுவையாக இருக்கிறதல்லவா. 1310ஆம் ஆண்டுக் காசு அந்த வாதத்தை முடித்து வைத்தது. அறுபதில் ஐம்பத்தேழு காசுகள் 11ஆம் நூற்றாண்டையோ அதற்கு முந்தியதையோ காட்டினாலும், மீதி மூன்றுதான் காலத்தின் கீழ் எல்லையைத் தீர்மானிக்கின்றன. சரக்கில் மிகப் பிந்திய பொருளுக்கு முன்னால் கப்பல் மூழ்கியிருக்க வழியில்லை.

மேல் எல்லையைத் தந்தது மரச்சீட்டு. யுவான் அரசின் ஜிஜி ஆண்டுக்கணக்கு 1321இல் தொடங்கியது. ஆகவே மூன்றாம் ஆண்டு 1323. சரக்கில் தொங்கவிடும் சீட்டு ஏற்றுமதியின்போது எழுதப்படுவதால், அந்த ஆண்டோ அதை ஒட்டியோ கப்பல் புறப்பட்டிருக்கிறது. எடைக்கல்லின் சிங்யுவான் என்பது இன்றைய நிங்போ. தோஃபுகுஜி மடம் 1319இல் தீக்கிரையானது என்ற தாளை ஒரு மாணவி எடுத்து வைத்து, "கட்டிடம் கட்டப் பணம் வேணுமில்லைங்களா சார், அதுக்குத்தான் காசு கட்டுக் கட்டாப் போகுது" என்றார். ஆய்வாளர்களும் அந்தச் சரக்கை மடத்தின் மறுகட்டுமானத்தோடு இணைத்தே பார்க்கிறார்கள். சேருமிடம் ஜப்பான் என்பது அதிலிருந்து வருகிறது. அங்கே ஹகாட்டா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஒரே ஓர் இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து, கடைசி வரை ஒன்று சேரவில்லை. கொரியக் கரையில் மூழ்கியது கொரியக் கப்பல்தானே என்று ஒரு சாரார் வாதாடினார்கள். கொர்யோ நாட்டு, அதாவது அக்காலக் கொரியாவின், பீங்கான்கள் அந்தச் சரக்கில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அக்காலக் கொரியக் கப்பல்கள் தட்டையான அடிப்பாகம் கொண்டவை. இதுவோ நடுவெரா (அடிப்பாகத்தின் நடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகுமரம்) உள்ள, குறுக்குத் தடுப்புகளால் அறைகளாகப் பிரிந்த, தென்சீனப் பைன் மரத்தால் கட்டிய கப்பல். ஆனால் அதில் ஜப்பானிய மரச்செருப்புகளும் இருந்தன. சீனத்தில் கட்டி, ஜப்பானிய மடத்தின் சரக்கை ஏற்றி, கொரியக் கடலில் மூழ்கிய கப்பலை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்று கேட்டால், அந்தக் கேள்வியே இன்றைய எல்லைக்கோடுகளை 1323இன் மீது போட்டுப் பார்ப்பது என்றுதான் நான் சொல்வேன். அதைவிட, "கப்பலுக்குப் பேர் என்னங்க சார்?" என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்லக் கடினமாக இருந்தது. சீட்டுகள் சரக்கின் உரிமையாளர்களைச் சொல்கின்றன, கப்பலின் பெயரைச் சொல்லவில்லை. கிடைத்த மாவட்டத்தின் பெயரால்தான் உலகம் அதை அழைக்கிறது.

செலவுக் கணக்கு: செங்கல், சிமென்ட், கொத்தனாரும் சித்தாளும் ஒரு நாள், தார்ப்பாய் எல்லாம் சேர்த்துத் தொட்டிக்கு ரூ. 4,940. வண்டலுக்கு டிராக்டர் வாடகை 800, உப்பு 240. வார்த்த காசு ஒன்றுக்கு 35 வீதம் 2,100. ஃபெங் சுயி கோவை 150. பலகையும் அறுவைக் கூலியும் 650, கரி, வஜ்ஜிரம், படிகாரம் 120. கேமராவும் அதன் மின்மாற்றியும் 1,550. பீங்கான் 400, படிக்கல் 180, மிளகு 40. மொத்தம் ரூ. 11,170. கேமராவையும் தொட்டியையும் மறுபடி பயன்படுத்தலாம் என்பதால் அடுத்த முறைக்கு இதில் பாதி கூட ஆகாது.

அடுத்த முறை தொட்டியின் அடிமூலையில் முக்கால் அங்குலக் குழாயும் திருகும் வைத்தே கட்டுவேன். உப்புநீரை வாளியால் இறைத்து வெளியேற்றியதில் ஓரத்துப் புல் கருகிவிட்டது. ஆணிகளைச் சீட்டுகளிலிருந்து இரண்டு கட்டங்கள் தள்ளிப் புதைப்பேன். ஆனால் கறை படிந்தவை சிலவும் வேண்டும் என்பதால் நான்கு சீட்டுகளை மட்டும் ஆணிகளோடு சேர்த்துக் கட்டிவிடுவேன். வெளியே எடுத்த சீட்டுகளைத் திறந்த மேசையில் விட்டதில் இரண்டு வளைந்து வெடித்தன. சினான் கப்பலின் மரங்களைப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசலில் பல ஆண்டுகள் ஊறவைத்தே மோக்போ நகர அருங்காட்சியகத்தில் நிறுத்த முடிந்தது. எங்களுக்கு ஈரத்துணி சுற்றி மூடிய பிளாஸ்டிக் டப்பாவே போதும். ஆழம் எழுதாத பொருளை வாங்கிக்கொள்ளாத ஒரு பதிவாளரைத் தொட்டியின் ஓரத்தில் உட்கார வைப்பேன்.

பெயர் தெரிந்த கப்பல் வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதால், இரண்டாவது பெட்டிக்கு நமீபியாவின் ஒரான்யெமுண்ட் வைரச் சுரங்கத்தில் 2008இல் வெளிப்பட்ட போர்ச்சுக்கீசியக் கப்பலைத் தேர்ந்திருக்கிறோம். இந்தியாவை நோக்கிப் புறப்பட்டு 1533இல் தொலைந்த பொம் ஜெசுஸ் அது என்று, மூன்றாம் ஜான் மன்னரின் பொற்காசுகளையும் லிஸ்பன் கப்பல் பதிவுகளையும் பொருத்திச் சொல்கிறார்கள். அதில் கிடைத்த செம்புக் கட்டிகளில் ஜெர்மனியின் ஃபுக்கர் வணிகக் குடும்பத்தின் மூன்றுமுனைச் சூல முத்திரை இருக்கிறது. செம்பு விற்கிற விலைக்குக் கட்டிகளை வார்க்க முடியாது. சிமென்டில் அரைக்கோளமாக வார்த்து, ஈரம் காயும் முன் முத்திரையை அழுத்தி, மேலே செம்புப் பூச்சுக் கொடுக்கலாம் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். முத்திரைக்கான மரஅச்சை இப்போது செதுக்கிக்கொண்டிருக்கிறோம்.